ஏழுமணி அம்மாவுக்கு ஒரு சத்த அஞ்சலி

ஏழுமணி அம்மா இறந்துபோன பிறகு அந்த நகரத்தில் அவருக்காக நடந்த இரங்கல் கூட்டங்கள் மொத்தம் பதினாறு. முதல் பதினைந்துக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வந்த தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியருக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. பதினைந்திலும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான். ஆனால் யாரும் மிகைப்படுத்திப் பேசவில்லை. இருபத்தாறு வருடம் மாலை ஏழு மணிக்குத் தொலைக்காட்சியில் வந்து செய்தி வாசித்த அந்தப் பெண்மணியைப் பற்றி ஊருக்கே ஒரே அபிப்பிராயம்தான் இருந்தது. அவர் சொன்னால் அது நடந்திருக்கிறது. சொல்லாவிட்டால் இன்னும் நடக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் யாராவது ஒரு சேதியை அளந்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் கடிகாரத்தைப் பார்த்து, "ஏழு மணி ஆகட்டும், பாத்துக்கலாம்" என்பார். மழை வரும் என்று அவர் சொன்ன நாளில் வெயில் கொளுத்தினாலும் ஜனம் குடையும் கையுமாகத்தான் திரிந்தது. சொன்னபடி வராத மழையைத்தான் திட்டினார்களே தவிர அவரைத் திட்டவில்லை.

பதினாறாவது கூட்டத்தை ஏற்பாடு செய்திருந்தது காது கேளாதோர் சங்கம். அதற்கு மொழிபெயர்க்க வேண்டியவள் கையக்கா.

கையக்கா என்பது தொலைக்காட்சி நிலையத்தில் வைத்த பெயர். ஏழு மணிச் செய்தியின்போது திரையின் வலது மூலையில் கீழே ஒரு சின்னப் பெட்டி வருமே, அதற்குள் கறுப்புச் சட்டையோடு நின்று, வாசிக்கப்படும் செய்தியைச் சைகை மொழியில் சொல்பவள் அவள்தான். பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டிக்குள் நிற்கிறாள். சங்கத்து ஆட்களிடம் அவளுக்கு வேறு பெயர். அவர்கள் யாரையும் எழுத்துக்கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு சைகைப் பெயர் வைத்துவிடுவார்கள். ஆள்காட்டி விரல்களால் காற்றில் ஒரு சின்னச் சதுரம் போட்டால் அது கையக்கா. இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே நிறுத்தி, காகிதக் கட்டைச் சீராக்குவது போல மேசையில் இரண்டு தட்டு தட்டினால் அது ஏழுமணி அம்மா. செய்தி முடிந்ததும் தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருக்கும் தாள்களை அப்படித் தட்டி அடுக்குவது அவர் வழக்கம்.

அப்படி அடுக்குவதற்கு நான்கு விநாடி ஆகும். அந்த நான்கு விநாடியில்தான் கையக்கா மாட்டிக்கொண்டாள்.

அவளுடைய அம்மாவுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால் வாய் பேசப் பழகும் முன்பே கை பேசப் பழகியவள் கையக்கா. கல்யாணமாகி அவள் நகரத்தின் மறுகோடிக்குக் குடிபோன அதே வருடம்தான் நிலையத்தில் வேலையும் கிடைத்தது. முகம் பார்த்துப் பேசும் போனெல்லாம் அப்போது யாரிடமும் கிடையாது. அம்மாவிடம் பேச வேண்டுமென்றால் இரண்டு பஸ் மாறி நேரில் போய் நிற்க வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாள், ஏழுமணி அம்மா "நன்றி, வணக்கம்" என்று முடித்துவிட்டுக் குனிந்து தாளைத் தட்டினார். கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கையக்காவின் கைகளுக்கு வேலையில்லை. எதிரே கேமராவின் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம், நாற்காலியை டிவிக்கு ஒட்டிப் போட்டுக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள் என்பது அவளுக்கு நிச்சயம். கை தன்னால் எழுந்தது. ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், புருவத்தை உயர்த்தினாள். சாப்பிட்டாச்சா?

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். நிலையத்தில் ஒருவருக்கும் சைகை மொழி தெரியாது. செய்தியின் கடைசி வரி போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பெட்டியைப் பார்த்தது அம்மா ஒருத்தி மட்டுமில்லையே. நகரத்திலிருந்த காது கேளாதவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஏழுமணி அம்மா குனிந்திருப்பதால் அவர் உதடு அசைகிறதா இல்லையா என்று தெரியாது. பெட்டியில் வருவதெல்லாம் அவர் சொல்வதுதானே? ஆகவே, தினமும் செய்தி முடிந்ததும் தங்களைச் 'சாப்பிட்டாச்சா' என்று விசாரிப்பது ஏழுமணி அம்மாதான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் கூச்சப்படுகிறார், அதனால்தான் குனிந்துகொண்டு கேட்கிறார் என்று விளக்கம் வேறு.

கையக்காவுக்கு இது தெரியவந்தது மூன்றாவது வருடத்தில். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. இவ்வளவு சந்தோஷமாக நம்புகிறவர்களிடம் போய் எப்படிச் சொல்வது என்ற தயக்கம் பாதி. இன்றைக்கு, நாளைக்கு என்று பதினாறு வருடம் ஓடிவிட்டது.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. சங்கம் இருந்தது ஒரு மருந்துக் கடைக்கு மேலே, முதல் மாடியில். பழைய கட்டடம், மரத் தளம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து உட்கார்ந்தால் யார் பேச்சும் யாருக்கும் தெரியாது. எண்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள்.

கையக்காவின் அம்மா ஒன்பது மணிக்கே வந்து இடம் பிடித்துவிட்டாள். எழுபத்திரண்டு வயது. ஐம்பது வருடமாகத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டியதில் முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. கண் இன்னும் ஊசி போலக் கூர்மை. தன் கைப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்தாள்.

"பையை எடும்மா, யாராவது உட்காரட்டும்" என்று கையக்கா சைகையில் சொன்னாள்.

"அது இறந்துபோனவங்க வீட்டுக்காரருக்கு. பக்கத்துல இருந்தார்னா ஆறுதல் சொல்வேன்."

"அவருக்குச் சைகை தெரியாதும்மா."

"ஆறுதலுக்கு என்ன சைகை வேண்டிக்கிடக்கு?"

ஏழுமணி அம்மாவின் கணவர் கால்நடை மருத்துவர். வாட்டசாட்டமான மனிதர், ஊரில் மாட்டு டாக்டர் என்றால்தான் தெரியும். உள்ளே நுழைந்ததும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்தவரைக் கையக்காவின் அம்மா சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, முதுகில் மூன்று தட்டு தட்டினாள். ஆறுதல் முடிந்தது. அவருக்கு எதிரே, கழுத்தில் பட்டையோடு செய்தி ஆசிரியர் உட்கார்ந்தார். காது கேட்கிற விருந்தாளிகள் இவர்கள் இரண்டு பேர்தான். இவர்களுக்காகத்தான் கையக்கா நடுவில் நின்றாள். கை சொல்வதை வாயால் சொல்ல வேண்டும். வாய் சொல்வதைக் கையால் சொல்ல வேண்டும்.

சங்கச் செயலாளர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். விரல்களில் மை போகவே போகாது. அவர் எழுந்து நின்று கைகளை வீசிப் பேச ஆரம்பித்தார். கையக்கா குரல் கொடுத்தாள்.

"மத்த கூட்டத்துலயெல்லாம் அவங்களுக்காக ரெண்டு நிமிஷம் மௌனமா நின்னாங்களாம். நாம பொறந்ததுல இருந்து அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கோம். அவங்களுக்குன்னு விசேஷமா ஒண்ணு குடுக்க வேண்டாமா? ரெண்டு நிமிஷம் சத்தம் போடுவோம்!"

செய்தி ஆசிரியர் சரியாகக் காதில் வாங்கினோமா என்று யோசிப்பதற்குள் எண்பது ஜோடிக் கால்கள் மரத் தளத்தை மிதித்தன. மேசைகளில் உள்ளங்கைகள் இறங்கின. நாற்காலிகள் குதித்தன. தளத்தின் அதிர்வு பாதம் வழியாக ஏறி முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று பரவுவதை அவர்கள் கண்ணை மூடி அனுபவித்தார்கள். செய்தி ஆசிரியர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மாட்டு டாக்டர் முதலில் மிரண்டார். பிறகு தன் கனத்த காலணிகளைத் தூக்கி அவரும் மிதிக்க ஆரம்பித்தார். லாயத்துக் குதிரை தோற்றது.

கீழேயிருந்து மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"என்னங்க, மேல இடிக்கிறீங்களா? என் அலமாரியில ஒரு பாட்டில் நிக்கலைங்க!"

"ஏழுமணி அம்மாவுக்கு அஞ்சலிங்க" என்று கையக்கா கத்திச் சொன்னாள்.

அவர் ஒரு கணம் நின்றார். "முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அவரும் வட்டத்தில் சேர்ந்து மிதித்தார். அதற்குப் பிறகு வியாபாரத்துக்கு அவர் கீழே போகவேயில்லை.

இரண்டு நிமிடம் முடிந்ததும் முதலில் பேச எழுந்தவர் ஒரு வெல்டர். முன்கை முழுவதும் நெருப்புப் பொறி பட்ட தழும்புகள். அவர் பேசினால் பக்கத்தில் இருப்பவர் தள்ளி உட்கார வேண்டும். கை அவ்வளவு தூரம் போகும்.

"பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, குடிதண்ணிக் குழாயில சாக்கடை கலந்துபோச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குச் செய்தியில பெட்டி காலி. பெட்டியில நிக்கிற இவங்க பிரசவத்துக்குப் போயிருந்தாங்க. ஏழுமணி அம்மா முகமே சரியில்லை. என்னமோ நடக்குதுன்னு தெரியுது, என்னன்னு தெரியலை. திடீர்னு வாசிக்கறதை நிறுத்தினாங்க. தாளைத் திருப்பினாங்க, பேனாவால பெரிசா எழுதி கேமராவுக்கு நேரா தூக்கிப் பிடிச்சாங்க. நமக்காக! 'தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்.' ஆனா அந்தக் கையெழுத்து இருக்கே..."

கையக்கா இதைச் சொல்லச் சொல்ல மாட்டு டாக்டர் சிரித்துவிட்டார். "கோழி கிளறினது கூடப் படிச்சுடலாம். அவ எழுதினதைப் படிக்க முடியாது."

"எனக்குக் 'காட்டிக் குடிக்கவும்'னு தெரிஞ்சுது" என்றார் வெல்டர். "யாருகிட்ட காட்டறது? சரி, அவங்க சொன்னா காரணம் இருக்கும். ஒரு டம்ளர் தண்ணியை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவரு நல்லா பாத்தாரு. காட்டியாச்சேன்னு வாய்ல வைக்கப் போனேன். அவரு பாஞ்சு வந்து தட்டிவிட்டாரு பாருங்க, டம்ளர் தெருவுல போய் விழுந்துச்சு!"

வட்டம் முழுவதும் குலுங்கியது. கையக்காவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் கைக்குழந்தையோடு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தாள். தன் பெட்டி காலியாக இருந்த நாளில் அந்தம்மா பேனாவை எடுத்த கதையை இதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

செய்தி ஆசிரியர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "அதுக்கு விளக்கம் கேட்டு அவங்களுக்கு நோட்டீஸ் குடுத்தது நான்தான். வாசிப்பை நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு விதி."

கையக்கா அதைக் கையால் சொன்னதும் எண்பது முகங்களும் அவர் பக்கம் திரும்பின.

"என்ன பதில் சொன்னாங்க?" என்று கேட்டார் செயலாளர்.

"ஒரே வரி எழுதிக் குடுத்தாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் படிக்க முடியலை. ஃபைல்ல இருக்கு."

வெல்டர் இன்னும் உட்காரவில்லை. "இன்னொண்ணு சொல்லிடறேன். ஒரு நாள் அவங்களைக் காய்கறிக் கடையில பாத்தேன். முண்டியடிச்சுட்டு முன்னாடி போய் நின்னு, 'சாப்பிட்டேன்'னு சொன்னேன். தினமும் கேக்கறாங்களே, நேர்ல பாக்கறப்ப பதில் சொல்லலைன்னா மரியாதையா? அவங்க சிரிச்சுட்டு, வயித்தை இப்படி ரெண்டு தட்டு தட்டினாங்க. 'ரொம்ப சந்தோஷம்'னு அர்த்தம்."

கையக்கா ஓரக்கண்ணால் எதிரே பார்த்தாள். செய்தி ஆசிரியர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏழுமணி அம்மா ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ஒரு நாள் அவங்களைக் கடையில பாத்தேன்" என்று குரல் கொடுத்தாள். "வணக்கம் சொன்னேன். சிரிச்சாங்க."

பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு வாக்கியத்தை முழுங்கியது அதுதான் முதல் தடவை.

அடுத்து எழுந்தவர் ஒரு பேக்கரியில் ரொட்டி சுடும் அம்மாள். நிதானமான, சின்னச் சின்ன அசைவுகளில் பேசினார்.

"என் வீட்டுக்காரர் தவறிப்போன வருஷம் எனக்கு அடுப்பு பத்த வைக்கவே மனசு வரலை. பகல் பூரா ஊருக்கு ரொட்டி சுடுவேன், வீட்டுக்கு வந்தா வெறும் தண்ணிதான். செய்தி முடியற ஏழரை மணிக்கு இந்தம்மா கேப்பாங்க, 'சாப்பிட்டாச்சா?' வேற யார் கேட்டாலும் ஆச்சுன்னு ஒரு பொய்யைச் சொல்லிடலாம். இவங்ககிட்ட எப்படிச் சொல்றது? இவங்களே பொய் சொன்னது கிடையாதே. அதுக்காகவே செய்திக்கு முன்னாடி ரெண்டு வாய் சாப்பிட ஆரம்பிச்சேன். அப்புறம் நாலு வாய். அப்படித்தான் தேறினேன்."

கையக்கா வாயைத் திறந்தாள். "கஷ்டமான காலத்துல... அவங்க செய்தியைப் பாக்கறது எனக்குப் பெரிய ஆறுதலா..."

தடால் என்று தளம் அதிர்ந்தது. கையக்காவின் அம்மா காலால் ஓங்கி மிதித்திருந்தாள். எல்லோரும் திரும்பினார்கள். அம்மா எழுந்து நின்று, மகளை நோக்கி விரலை நீட்டினாள்.

"நீ சரியா சொல்லலை!"

"அம்மா, உட்காரும்மா."

"நீ பொறந்ததுல இருந்து உன் உதட்டைப் படிக்கறவ நான். இவங்க ரெண்டு பேரும் சாப்பாட்டைப் பத்திச் சொன்னாங்க. உன் வாயில சாப்பாடு வரவே இல்லை. வெல்டர் சொன்னதை முழுங்கிட்ட. இந்தம்மா சொன்னதை மென்னுட்டு இருக்க."

கையக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. அம்மா அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அம்மா வட்டத்தின் நடுவுக்கே வந்துவிட்டாள்.

"இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். எத்தனை வருஷம்தான் பொறுத்துக்கறது? அந்தக் கேள்வி உங்க யாருக்கும் இல்லை. எனக்கு!" என்று நெஞ்சில் அடித்துக் காட்டினாள். "எனக்குக் கேட்டது! ஆளாளுக்கு உங்களுக்குன்னு நினைச்சுக்கிட்டீங்க. இவ வேலைக்கு ஆபத்து வரக் கூடாதேன்னு நானும் வாயை... கையைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

"அம்மா என்ன சொல்றாங்க?" என்றார் செய்தி ஆசிரியர்.

கையக்கா ஒரு பெருமூச்சு விட்டாள். "'அந்தக் கேள்வி எனக்குக் கேட்டது'ன்னு சொல்றாங்க, சார்."

"எந்தக் கேள்வி?"

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில், தட்டுத் தடுமாறி, முதல் நாள் நான்கு விநாடியிலிருந்து சற்று முன் முழுங்கியது வரை எல்லாவற்றையும் சொன்னாள். "ஏழுமணி அம்மா உங்களை ஒரு நாளும் அப்படிக் கேக்கலை. நான்தான் எங்கம்மாவைக் கேட்டேன். மூணாவது வருஷமே சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

அந்த அறையில் ஒரு கைகூட அசையவில்லை.

வெல்டர்தான் முதலில் அசைந்தார். "அப்ப காய்கறிக் கடையில நான் பதில் சொன்னது? கேக்காத கேள்விக்கா?"

பேக்கரி அம்மாள் கையக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார். "உங்கம்மாவைக் கேட்டதுக்கு நான் சாப்பிட்டேனா?"

கையக்கா அதைக் குரலில் சொல்லி முடித்ததும் மாட்டு டாக்டர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"ஒரு நிமிஷம்மா. அந்தச் சைகையை எனக்கு ஒரு தடவை காட்டுங்க."

கையக்கா விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். புருவத்தை உயர்த்தினாள்.

"வெல்டர் கடையில காட்டினது?"

"அதுவும் இதேதாங்க. புருவம் மட்டும் உயராது. அப்படின்னா 'சாப்பிட்டேன்'. புருவம் உயர்ந்தா கேள்வி."

மாட்டு டாக்டர் தன் பெரிய கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்துக் கையக்காவின் அம்மா முதுகில் தட்ட ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்குப் புருவமெல்லாம் தெரியாதுங்க. வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொல்லுவா. கடைக்குப் போனாலும் பஸ்ஸுல போனாலும் யாராவது ஒருத்தர் அவ எதிர்ல வந்து நின்னு இப்படிக் காட்டறாங்களாம். 'என்ன பாசமான ஜனங்க பாருங்க, எங்கே பாத்தாலும் என்னைச் சாப்பிட்டியான்னு விசாரிக்கறாங்க'ன்னு சொல்லுவா. அதுக்குத்தான் வயித்தைத் தட்டிக் காட்டினது. 'ஆச்சு, ஆச்சு'ன்னு பதில் சொல்லியிருக்கா!"

கையக்காவின் கைகள் அதைச் சொல்லி முடிப்பதற்குள் வெல்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதையும் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். "சில நாள் வேலை மும்முரத்துல மத்தியானம் சாப்பிடாம விட்டிருப்பா. சாயங்காலம் நிலையத்துக்குக் கிளம்பறப்ப ஞாபகம் வந்துடும். போற வழியில யாராவது கேட்டுட்டா என்ன பண்றதுன்னு, நின்னுக்கிட்டே ரெண்டு பிஸ்கட்டாவது தின்னுட்டுத்தான் போவா. அவங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதாம்."

பேக்கரி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வந்து கையக்காவின் காதைப் பிடித்துச் செல்லமாக ஒரு திருகு திருகினார். அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டார். சங்கத்து ஆட்கள் கைதட்டினால் சத்தம் வராது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை அசைப்பார்கள். எண்பது பேரின் விரல்களும் காற்றடித்த மரம் போல அசைந்தன.

செயலாளர் மை படிந்த விரல்களால் தீர்ப்புச் சொன்னார். "அவங்களும் கேக்கலை. நாமளும் கேக்கலை. ஆனா ரெண்டு பக்கமும் சாப்பிட்டாச்சு."

"என் கேள்வியை ஊரே பங்கு போட்டுக்கிச்சு" என்று அம்மா மட்டும் முணுமுணுத்தாள். கையாலும் முணுமுணுக்க முடியும்; இடுப்பளவில், சின்னதாக.

செய்தி ஆசிரியர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "ஆக, பத்தொன்பது வருஷமா என் செய்தியில எனக்குத் தெரியாம ஒரு வரி போய்க்கிட்டு இருக்கு."

கையக்கா இதையும் மொழிபெயர்த்தாள். அவள் தலையெழுத்தை அவளே வாசிக்க வேண்டியிருந்தது.

"நாலு விநாடிதானே சார்" என்றார் மருந்துக் கடைக்காரர், தன்னை யாரும் கேட்காமலே.

"வேற ஏதாவது சேத்திருக்கியாம்மா?"

"இல்லை சார். சத்தியமா." கையக்கா ஒரு கணம் யோசித்தாள். இன்றைக்கு இதற்கு மேல் முழுங்க முடியாது. "ஒரே ஒரு தடவை. அம்மாவுக்குக் காய்ச்சல். 'மாத்திரை போட்டியா'ன்னு கேட்டேன்."

வெல்டர் துள்ளி எழுந்தார். "அன்னிக்கு நான் போட்டேனே! எதுக்குன்னு தெரியாமலே தலைவலி மாத்திரை ஒண்ணு போட்டுக்கிட்டுப் படுத்தேன்!"

செய்தி ஆசிரியர் அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பில் கழுத்து சுளுக்கிக்கொள்ள, பட்டையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குச் சைகை மொழி தெரியாதும்மா. தெரியாத பாஷையில வந்ததுக்கு நான் என்னன்னு விளக்கம் கேக்கறது? எப்பவும் போல நடக்கட்டும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். மருந்து விஷயம் வேண்டாம்."

அதன் பிறகு படத்திறப்பு. செயலாளர் தன் அச்சகத்திலேயே பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்ட படம் அது. துணி போட்டு மூடிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். மாட்டு டாக்டர் துணியை விலக்கினார். சம்பிரதாயமான படத்தை எதிர்பார்த்தவர்களுக்கு ஆச்சரியம். அது ஒரு நாள் செய்தியின் கடைசிக் காட்சி. ஏழுமணி அம்மா லேசாகக் குனிந்து தாள்களைத் தட்டிக்கொண்டிருந்தார். உதட்டோரம் வேலை முடிந்தவரின் நிம்மதி. வலது மூலையில் கீழே, பெட்டிக்குள் கையக்கா. விரல்கள் வாயருகே. ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி திறந்து, வாய் கோணி, தும்மப் போகிறவள் மாதிரி இருந்தாள்.

"ஐயோ, இதையா மாட்டப் போறீங்க? வேற படம் தேடுங்க, நானே எடுத்துத் தரேன்" என்று கையக்கா கெஞ்சினாள்.

ஒருவரும் சம்மதிக்கவில்லை. படத்தில் அந்தம்மா எவ்வளவு இயல்பாக இருக்கிறார் என்று டாக்டரும் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டார். மருந்துக் கடைக்காரர் கீழே போய்ச் சுத்தியல் எடுத்து வந்து ஆணி அடித்தார்; கோணல். வெல்டர் பிடுங்கித் திரும்ப அடித்தார். மாட்டு டாக்டருக்கு ஒரு சைகைப் பெயர் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. வெல்டர் தலையில் இரண்டு கொம்பு வைத்துக் காட்டினார். அம்மா அது வேண்டாம் என்று தள்ளிவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைப்பது போலக் காட்டினாள். அதுவே நிலைத்தது. அடுத்த ஞாயிறு முதல் அவர் வாரம் தவறாமல் சங்கத்துக்கு வந்து, புருவத்தை எப்போது உயர்த்துவது என்பதில் ஆரம்பித்து, மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். மாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் கை யாருக்கும் நிற்காது.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகும் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றாள். மூக்கு படத்தின் சட்டத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"என்னம்மா பாக்கற? அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

"மூஞ்சியை யார் பாத்தா? இந்தக் கறுப்புச் சட்டை. இடது தோள்பட்டைத் தையல் இழுத்துக்கிட்டு நிக்குது பாரு. தினமும் ஏழு மணியில இருந்து ஏழரை வரைக்கும் அதைப் பாத்துப் பாத்து எனக்கு மனசே ஆறாது."

"அது நிலையத்துல குடுத்த சட்டைம்மா. ஒரே அளவுல வரிசையா தைச்சுத் தருவாங்க. முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"வேலைக்குப் போறவ மனசு நோகுமேன்னு விட்டேன். இன்னிக்குத்தான் எல்லாத்தையும் பேசியாச்சே. போய் எடுத்துட்டு வா."

கையக்கா நேராகத் தன் வீட்டுக்குப் போய்ச் சட்டையை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா தோள்பட்டையைப் பிரித்து, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து நிதானமாகத் தைத்தாள். நடுநடுவே மகளை நிற்க வைத்து, கையைத் தூக்கு, இறக்கு, வானிலை சொல்லு, தேர்தல் சொல்லு என்று பார்த்துக்கொண்டாள். திங்கட்கிழமை மாலை புதிதாக வந்த இளம் வாசிப்பாளர் தலைப்புச் செய்திகளை ஆரம்பித்தபோது, மூலைப் பெட்டியில் கையக்காவின் இடது கை முன்பைவிட ஒரு விரற்கடை உயரமாக எழுந்தது.